சிறுமலை தோன்றும் வழி

காணாத ஊரைக் காணவும் பிரிந்த நண்பரைக் கூடவும் மாந்தர் வழிநடந்த வரலாறு திண்டுக்கல் வட்டாரத்தில் மிகப் பழமையானது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் வரும் மாங்காட்டு மறையவன், திருவரங்கமும் திருவேங்கடமும் கண்டு மகிழும் வேட்கையால் குடமலையிலிருந்து புறப்பட்டவன். மதுரை செல்லும் மூன்று வழிகளைக் கோவலனுக்கு உரைக்கும் அவன், வலப்புற வழியிற் செல்வோர்க்கு அடையாளமாகக் காட்டுவது வாழையும் மாவும் பலாவும் செறிந்த சிறுமலையையே.

பேகம்பூரின் பெயரிலும் ஒரு பயணம் உறைந்துள்ளது. மைசூர் அரசின் சார்பில் 1755-இல் ஐதர் அலி திண்டுக்கல்லின் பௌஜ்தாராக அமர்ந்தார். பின்னர் இங்குப் பொறுப்பு வகித்த மீர் ரசா அலிகானின் துணைவியும் ஐதரின் தங்கையுமான அமீருன்னிசா பேகம் இவ்வூரிலேயே மறைந்தார். அவரது அடக்கத்தலத்தால் அப்பகுதி பேகம்பூர் ஆயிற்று. 1790-இல் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. 1792 உடன்படிக்கையால் சீமையும் கைமாறியது. ஆட்சி பெயர்ந்தது, வந்து திரும்பாத பெண்ணின் பெயர் மட்டும் பெயரவில்லை.

அடுத்து வந்தோர் அமெரிக்க மதுரை மிஷன் குருமார். 1835-இல் திண்டுக்கல்லில் நிலையம் அமைத்த அவர்களுள் பலரைக் காய்ச்சலும் வாந்திபேதியும் வாரிக்கொண்டன. குளிர்ச்சி நாடி முதலிற் சிறுமலையில் வீடமைத்தனர். ஆயினும் அங்கும் மலைக்காய்ச்சல் விடவில்லை. ஆகவே மேலும் உயரம் தேடிச் சென்று, 1845-இல் கொடைக்கானலில் முதல் இரு வீடுகளைக் கட்டினர். உயிர் பிழைக்கச் சென்ற பயணம் நாளடைவில் கோடை விடுமுறையாகவும், பல மாவட்டங்களிற் பிரிந்து பணியாற்றிய நண்பர்களின் ஆண்டுச் சந்திப்பாகவும் மலர்ந்தது.

அப்பயணம் எளிதன்று. 1875-இல் புகைவண்டி வந்த பின்னரும் அம்மையநாயக்கனூரில் இறங்கி, வெயிலுக்கு அஞ்சி இரவெல்லாம் மாட்டு வண்டியில் வைக்கோல் மெத்தைமீது குலுங்கி, பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணமநாயக்கன் தோப்பை அடைய வேண்டும். அங்கிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டு மைல் செங்குத்தான ஒற்றையடிப் பாதை. ஆடவர் குதிரையிலும், பெண்டிரும் குழந்தைகளும் டோலியிலும் நாற்காலியிலும் ஏறினர். மூட்டை முடிச்சுகள் கூலியாட்களின் தலையில் ஏறின. 1916-இல் லா மலைப்பாதை போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட பின்னரே இத்துன்பம் தீர்ந்தது.

மலை கண்டோரின் பெயர்கள் வீடுகளிலும் சாலையிலும் நிலைத்தன. மலையைக் காட்டத் தோள்கொடுத்த டோலிக்காரர்க்கோ, உறங்கும் பயணியரை விழித்திருந்து கொண்டுசேர்த்த வண்டிக்காரர்க்கோ பெயர்ப்பலகை இல்லை. விடுமுறை ஒருவர்க்கு ஓய்வு. அதனைச் சுமந்தவர்க்கு வயிற்றுப்பாடு.

இளங்கோவடிகள் மாங்காட்டு மறையவனின் இயற்பெயரைச் சொல்லவில்லை. எனினும் அவன் கண்டதையும் விரும்பியதையும் அவன் வாய்மொழியாகவே உரைக்கவைத்தார். அதனால் வழிகாட்டிய ஒருவன் காப்பியம் உள்ளளவும் வாழ்கின்றான். சுமந்தவர்க்கு அத்தகைய பாட்டு இன்னும் வாய்க்கவில்லை. ஆவணம் கைவிட்ட இடத்தில் பாவலர் கடமை தொடங்குகிறது. சிறுமலை இன்றும் தோன்றுகிறது. அதன் நிழலில் நடந்தோரும் தோன்றுதல் வேண்டும்.