எச்.சி.எல். கணினிகள்: 8சி முதல் மைலீப் வரை

இந்தியாவில் சொந்தப் பெயரில் கணினி தயாரித்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விற்ற நிறுவனம் எச்.சி.எல். அதன் நிறுவனர் சிவ நாடார் தூத்துக்குடி மாவட்டம் மூலைப்பொழியில் பிறந்தவர். பொறியியல் படித்தது கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. கல்லூரியில். டெல்லியில் டி.சி.எம். நிறுவனத்தின் கால்குலேட்டர் பிரிவில் வேலை பார்த்த அவரும், அர்ஜுன் மல்ஹோத்ரா, அஜய் சௌத்ரி முதலிய சக ஊழியர்களும் 1975இல் வேலையை விட்டுத் தனியாகத் தொழிலில் இறங்கினார்கள். மல்ஹோத்ராவின் பாட்டி வீட்டு மாடி அறைதான் முதல் அலுவலகம். கணினி செய்ய உரிமம் வேண்டும். அது உத்தரப் பிரதேச அரசிடம் இருந்தது. 1976இல் அந்த அரசு 26 சதவீதப் பங்குடன் சேர்ந்ததும் ஹிந்துஸ்தான் கம்ப்யூட்டர்ஸ் லிமிடெட் உருவானது.

1978இல் ‘8சி’ வந்தது. ராக்வெல் நிறுவனத்தின் பிபிஎஸ்-8 நுண்செயலியை வைத்து இங்கேயே வடிவமைத்த கணினி அது. ஆப்பிளின் இரண்டாவது கணினி வெளிவந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது, ஐ.பி.எம். தன் பி.சி.யைக் கொண்டுவர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி இந்தியர்களுக்குப் பங்குகளைக் கொடுக்க மனமில்லாத ஐ.பி.எம். நாட்டை விட்டே வெளியேறிய காலமும் இதுதான். அது விட்டுப்போன இடத்துக்கு எச்.சி.எல்., டி.சி.எம்., விப்ரோ போன்றவை போட்டியிட்டன. வெளியிலிருந்து வாங்க வழியில்லாததால் சுற்றுப்பலகையும் மென்பொருளும் சொந்தமாகச் செய்தே ஆகவேண்டியிருந்தது. நிறுவனத்தின் வரலாற்றில் பொறியாளர்கள் மிகப் பெருமைப்படத்தக்க பகுதி இந்த முதல் பத்தாண்டுதான்.

1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கணினிக் கொள்கையை அறிவித்தது. உதிரிபாகங்களுக்கான இறக்குமதி வரி குறைந்தது, உரிமக் கெடுபிடி தளர்ந்தது. அதற்குள் உலகம் ஐ.பி.எம். பி.சி.யின் வடிவத்துக்கு மாறியிருந்தது. எச்.சி.எல். தாமதிக்காமல் அதே வடிவத்தில் ‘பிஸிபீ’யைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வங்கி, அலுவலகம், பயிற்சி நிலையம் என்று பி.சி. நுழைந்த இடமெல்லாம் அதற்கு ஏ.சி. அறை கொடுத்தார்கள், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஹார்டு டிஸ்க் இல்லாத கணினியில் முதலில் டாஸ் இயங்குதளம் உள்ள பிளாப்பியைப் போட்டு உயிர்ப்பிக்க வேண்டும். பிறகு அதை எடுத்துவிட்டு வேர்ட்ஸ்டார், லோட்டஸ் போன்ற மென்பொருள் உள்ள பிளாப்பியைச் செருக வேண்டும். ஐந்தேகால் அங்குல பிளாப்பி ஒன்றில் 360 கிலோபைட்தான் கொள்ளும். கணினியைத் தொட்டுப் பழகிய முதல் தலைமுறைக்கு இந்த வரிசை மனப்பாடம்.

1991இல் ஹியூலெட்-பேக்கார்ட் 26 சதவீதப் பங்குடன் கூட்டுச் சேர்ந்தது. 1997இல் கூட்டு முறிந்தது. இதற்கிடையே, 90களின் நடுவில், வீட்டுக்கென்றே ‘பீன்ஸ்டாக்’ வந்தது. சி.டி. டிரைவ், ஒலிபெருக்கி, பென்டியம் செயலி எல்லாம் சேர்த்து, பிள்ளைகள் படிப்புக்கு என்று சொல்லி விற்றார்கள். புதுச்சேரியில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. 2005இல் 10,000 ரூபாய்க்கும் குறைந்த விலையில் லினக்ஸுடன் ஒரு கணினி. 2008இல் ‘மைலீப்’ என்ற சின்ன மடிக்கணினி. பிறகு ‘மீ’ வரிசை.

ஆனால் அடித்தளம் கரைந்துகொண்டிருந்தது. 1997இல் இந்தியா சேர்ந்த தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டின்படி 2005க்குள் கணினி இறக்குமதி வரி பூஜ்யமானது. முழுக் கணினியே வரியில்லாமல் வந்திறங்கியபோது இங்கே பூட்டிச் சேர்ப்பவருக்கு ஆதாயம் போயிற்று. இன்னொரு பக்கம் சென்னை ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி எந்தக் கடைக்காரரும் அசெம்பிள் செய்து கொடுத்தார். சிப் இன்டெலுடையது, இயங்குதளம் மைக்ரோசாப்டுடையது; லாபமும் அவர்களுக்கே போனது. 8சி காலத்து வடிவமைப்புத் திறனை எச்.சி.எல். பி.சி.யில் தொடர்ந்து வளர்க்காததுதான் உண்மையான இழப்பு. 2000களில் குழுமத்தின் கணினி நிறுவனமான எச்.சி.எல். இன்ஃபோசிஸ்டம்ஸின் வருவாயில் பெரும்பங்கு நோக்கியா போன் விநியோகத்திலிருந்தே வந்தது. 2013இல் கணினித் தயாரிப்பை விட்டுவிட அது முடிவு செய்தது. குழுமத்தின் மென்பொருள் நிறுவனமான எச்.சி.எல். டெக்னாலஜிஸ் இன்று உலகப் பெரும் நிறுவனங்களில் ஒன்று.

எச்.சி.எல். விட்டுவிட்ட கணினித் தயாரிப்பில் பிறகு இறங்கியது வேறோர் ஆலை: கேரளத்தின் கஞ்சிக்கோட்டில் இருக்கும் பொதுத்துறை ஐ.டி.ஐ. தொழிற்சாலை. அது தொடங்கப்பட்டதும் எச்.சி.எல். உருவான அதே 1976இல்தான். தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்காக வந்த அந்த ஆலை, ‘ஸ்மாஷ்’ என்ற பெயரில் மடிக்கணினியும் சிறு கணினியும் தயாரித்துக் கேரளப் பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கிறது.