குண்டுக்கு முந்திய கேள்வி

1946 ஆகஸ்ட் 2ஆம் தேதி, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஓக் ரிட்ஜ் அணு உலைக் கூடத்தில் சின்னதாக ஒரு கையளிப்பு நடந்தது. செயின்ட் லூயிஸ் நகரத்துப் பர்னார்ட் புற்றுநோய் மருத்துவமனைக்கென்று ஒரு மில்லிகியூரி கார்பன்-14 அடைத்த கலத்தைக் கொடுத்தனுப்பினார்கள். ஹிரோஷிமா எரிந்து ஓராண்டு நிறைய இன்னும் நான்கு நாள் இருந்தது. குண்டுக்கு வேண்டிய புளூட்டோனியத்தை ஆக்கும் முறையைப் பழகிப் பார்க்கக் கட்டிய உலையிலிருந்து மருத்துவமனைக்கு ஒரு பொருள் போகிறது என்பது அன்றைய அமெரிக்க அரசு விரும்பிச் சொல்லிக்கொண்ட செய்தி. 1953 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் ஐசன்ஹோவர் அமைதிக்கான அணுவைப் பற்றிப் பேசியபோது அதுவே உலகக் கொள்கையாக விரிந்தது. அழிக்கப் பிறந்த அணுவை மனிதன் பிற்பாடு ஆக்கத்துக்குப் பழக்கினான் என்று நம் பள்ளிக் கட்டுரைகள் வரை இன்றும் அந்தக் கதைதான் ஓடுகிறது. கதிரியக்கப் பொருளை உடலுக்குள் செலுத்தி நோயை அறியவும், அதையே நோய்க்கு மருந்தாக்கவும் செய்கிற அணு மருத்துவத்தை இந்த வரிசையில் வைத்துச் சொல்வது தவறு என்பது என் வாதம். யுரேனிய அணு பிளக்கும் என்று யாரும் கண்டறியாத நாளில், ஒரு மருத்துவர் தன் நோயாளிகளை மனதில் வைத்துக் கேட்ட கேள்வியில் அது தொடங்கியது. அந்தக் கேள்விக்கும் முன்னால் நூறாண்டுக்கு மேலான உடலியல் அறிவு நின்றது.

அந்த அறிவு அயோடினைப் பற்றியது. 1811இல் பிரான்சில் வெடியுப்புத் தயாரிக்கக் கடற்பாசிச் சாம்பலைக் கையாண்ட பெர்னார் கூர்த்துவா, அதிலிருந்து ஊதா ஆவியாக எழும் புதிய தனிமம் ஒன்றைக் கண்டார். 1820இல் ஜெனீவா மருத்துவர் குவாந்தே அதைக் கழுத்துக் கழலைக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். பலருக்குக் கழலை சுருங்கியது, சிலருக்குப் படபடப்பும் உடல் மெலிவும் வந்தன. ஏன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. 1895இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்கில் ஆய்ந்த பௌமன், தைராய்டு சுரப்பியிலேயே அயோடின் இருப்பதை நிறுவினார். உடலில் இருக்கும் சில மில்லிகிராம் அயோடினில் பெரும்பங்கு, கழுத்தில் வண்ணத்துப்பூச்சிபோல் ஒட்டியிருக்கும் இந்த ஒரு சுரப்பியில்தான் சேர்கிறது. இரத்தத்தில் மிக நீர்த்து ஓடும் அயோடினைத் தைராய்டு தேடிப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மற்ற உறுப்புகளுக்கு அந்தப் பசி கிட்டத்தட்ட இல்லை. பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் இந்த ஒரு பழக்கமே அடித்தளம். இதை அறியாமல் கையில் எத்தனை அணு உலை இருந்திருந்தாலும் மருத்துவருக்கு அதனால் ஒன்றும் ஆகியிருக்காது.

இரண்டாவது தேவை, உடலுக்குள் போன அணுவைப் பின்தொடரும் வழி. அதற்கு ஹங்கேரியரான ஜார்ஜ் ஹெவெஷியிடம் போகவேண்டும். மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் கூடத்தில் அவருக்குக் கொடுத்த வேலை, ஈயத்தோடு கலந்து கிடந்த ரேடியம்-டியைப் பிரித்தெடுப்பது. எவ்வளவு முயன்றும் முடியவில்லை. ரேடியம்-டி என்பதே ஈயத்தின் ஒரு ஐசோடோப்பு, வேதியியல் வழியில் அதைப் பிரிக்கவே முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது. ஹெவெஷி அந்தத் தோல்வியைத் திருப்பிப் போட்டு யோசித்தார். பிரிக்க முடியாதென்றால், இது ஈயம் போகிற இடமெல்லாம் கூடவே போகும். போகும் வழியெங்கும் கதிர்வீசி இருப்பிடத்தைச் சொல்லும். 1923இல் அவரை மொச்சைச் செடியின் வேரிலிருந்து ஈயம் மேலேறுவதை அளக்க வைத்தது இந்த எண்ணம்தான். 1935இல் கோபன்ஹேகனில் கதிரியக்கப் பாஸ்பரஸை எலிகளுக்கு ஊட்டியபோது இன்னும் பெரிய உண்மை கிடைத்தது: வளர்ந்து முடிந்த எலும்பும் ஓய்ந்து கிடப்பதில்லை, பழைய பாஸ்பரஸை விட்டுப் புதியதை நாள்தோறும் எடுத்துக்கொள்கிறது. உயிருள்ள உடலின் உள்வேலையை அணுக்களின் வழியே அறிய முடியும் என்பதற்கு அணு மருத்துவத்தில் எனக்குத் தெரிந்த மிக அழகான சான்று இதுதான். நோபல் பரிசு அவருக்கு 1943ஆம் ஆண்டுக்கு உரியதாக வந்தது.

இந்த இரண்டு இழைகளும் பாஸ்டனில் முடிச்சுப் போட்டுக்கொண்டன. 1936 நவம்பர் 12ஆம் தேதி, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத் தலைவர் கார்ல் காம்ப்டன், இயற்பியல் உயிரியலுக்கும் மருத்துவத்துக்கும் என்ன செய்ய முடியும் என்பது பற்றி ஹார்வர்டு மருத்துவர்கள் முன் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் தைராய்டுப் பிரிவை நடத்திவந்த சால் ஹெர்ட்ஸ். அப்போது அவருக்கு 31 வயது. அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கமுள்ளதாக மாற்ற முடியுமா என்று அவர் கேட்டார். அந்த இடத்தில் காம்ப்டனிடம் பதில் இல்லை. டிசம்பர் நடுவில் எழுதிய கடிதத்தில் முடியும் என்று தெரிவித்தார். ஃபெர்மி குழுவினர் 1934இலேயே நியூட்ரான் கொண்டு அயோடினைக் கதிரியக்கமாக்கியிருந்தார்கள். கிடைத்த அயோடின்-128, 25 நிமிடத்தில் பாதியாகக் கரைந்துவிடும். ஹெர்ட்ஸும் இயற்பியலாளர் ஆர்தர் ராபர்ட்ஸும் ராப்லி எவன்ஸும் அந்த 25 நிமிட அயோடினை வைத்தே 48 முயல்களில் சோதித்து, தைராய்டு அதை விரைந்து பற்றிக்கொள்வதை 1938இல் வெளியிட்டார்கள். தேதிகளை அடுக்கிப் பாருங்கள். யுரேனியப் பிளவை ஹானும் ஸ்ட்ராஸ்மனும் கண்டது 1938 டிசம்பரில். ஹெர்ட்ஸ் கேட்டதற்கும் அதற்கும் இடையில் இரண்டு ஆண்டு ஓடியிருந்தது.

25 நிமிடம் முயலுக்குப் போதும், நோயாளிக்குப் போதாது. 1938இல் பெர்க்லியில் லிவிங்குட்டும் க்ளென் சீபோர்கும் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் டெல்லூரியத்தைத் தாக்கி எட்டு நாள் அரை ஆயுட்காலம் கொண்ட அயோடின்-131ஐ உண்டாக்கினார்கள். அதற்குத் தூண்டுகோலும் ஒரு மருத்துவர்தான்: தைராய்டை ஆய்ந்துகொண்டிருந்த ஜோசஃப் ஹாமில்டன், ஒரு வாரம்போல நிலைக்கும் அயோடின் கிடைக்குமா என்று சீபோர்கிடம் கேட்டிருந்தார். பாஸ்டன் பக்கத்திலும் மார்க்கிள் அறக்கட்டளையின் பணத்தில் மருத்துவ வேலைக்கென்றே ஒரு சைக்ளோட்ரான் எழுந்தது. அதில் கிடைத்த அயோடினை 1941 மார்ச் 31 அன்று, தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயால் வருந்திய ஒரு பெண்ணுக்கு ஹெர்ட்ஸ் குடிக்கக் கொடுத்தார். பெரும்பாலும் 12 மணி நேர அயோடின்-130, அதோடு கொஞ்சம் அயோடின்-131. கத்தி வைத்துச் சுரப்பியை அறுத்தெடுப்பதே முதன்மையான வழியாக இருந்த காலம் அது. சுரப்பி தானே விரும்பி விழுங்கும் உணவில் கதிரை வைத்து, அதன் மிகையை உள்ளிருந்தே அடக்கும் முறை அன்று தொடங்கி இன்றுவரை அதே வடிவில் நடக்கிறது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு வலுவானது: சைக்ளோட்ரான் கொடுத்தது சொட்டுச் சொட்டாகத்தான், ஓக் ரிட்ஜ் உலை இல்லையென்றால் இது நாலைந்து ஆய்வுக்கூடங்களின் அதிசயமாகவே நின்றிருக்கும் என்பது. அளவைப் பொறுத்தவரை முழுக்க உண்மை. 1946க்குப் பிறகு அயோடின்-131 மலிந்தது, ஊரூராகப் போனது. யுரேனியம் பிளக்கும்போது விளையும் பொருள்களில் அதுவும் ஒன்று என்பதால் உலைக்கு அதைத் தருவது எளிது. ஆனால் உலை தந்த அயோடினை என்ன செய்வது என்று மருத்துவர்கள் அதற்கு முன்பே அறிந்திருந்தார்கள். 1946 மே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஹெர்ட்ஸ்–ராபர்ட்ஸ் கட்டுரையும், ஹெர்ட்ஸ் கடற்படைக்குப் போனபின் அந்த வேலையைத் தொடர்ந்த சாப்மன்–எவன்ஸ் கட்டுரையும் அடுத்தடுத்து வந்தன. இரண்டிலும் உள்ள நோயாளிகள் சைக்ளோட்ரான் அயோடினில் சிகிச்சை பெற்றவர்கள். கதிர் அயோடினுக்குப் பின் ஹெர்ட்ஸ் சாதாரண அயோடினும் கொடுத்ததால் குணம் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது என்பது எதிர்த்தரப்பின் குறை. நியாயமான குறைதான், ஆனால் அதனால் கேள்வியின் உரிமை கைமாறிவிடாது. அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கின் மாண்டிஃபியோரி மருத்துவமனையைச் சேர்ந்த சாமுவேல் சைட்லின் எழுதியது இன்னும் முக்கியம். பல ஆண்டு முன்பே தைராய்டை அகற்றிவிட்ட ஒருவருக்கு மிகைச் சுரப்பின் அறிகுறிகள் எல்லாம் இருந்தன. உடலெங்கும் பரவிய புற்றே தைராய்டின் வேலையைச் செய்துகொண்டிருந்தது, அயோடினையும் விழுங்கியது. கதிர் எண்ணும் கருவியை வைத்து அந்தப் புற்று இருக்கும் இடங்களைக் கண்டு, அதே அயோடினால் அவற்றைத் தாக்கினார் சைட்லின். காட்டுவதும் கொல்வதும் ஒரே பொருள். ஹெர்ட்ஸ் 1950இல் 45 வயதில் இறந்துபோனார். அவருக்கு உரிய பெயர் வெகுகாலம் கழித்தே கிடைத்தது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இரண்டாவது மறுப்பு டெக்னீசியம். இன்று உலகில் நடக்கும் அணு மருத்துவப் படமெடுப்பில் பெரும்பாலானவற்றில் பயன்படுவது டெக்னீசியம்-99எம். ஆறு மணி நேர அரை ஆயுட்காலம், உடலைத் தாண்டி வெளியே வந்து கேமராவில் பதியத் தோதான காமா கதிர். இதை எந்த மருத்துவரும் கேட்கவில்லையே, உலையின் கழிவிலிருந்து தற்செயலாகக் கிடைத்ததுதானே என்பார்கள். நடந்ததைக் கவனிப்போம். நியூயார்க் அருகே புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வால்டர் டக்கரும் மார்கரெட் கிரீனும் அயோடின்-132 தரும் கலத்தைச் செம்மைப்படுத்திக்கொண்டிருந்தபோது அதில் கலந்துவந்த அழுக்கை ஆராய்ந்தார்கள். அந்த அழுக்குதான் டெக்னீசியம், மாலிப்டினம்-99இலிருந்து பிறந்தது. அயோடினைத் தேடிய பாதையில்தான் அது காலில் தட்டுப்பட்டது. 66 மணி நேரம் அரை ஆயுட்காலமுள்ள மாலிப்டினத்தை ஒரு குழாயில் அடைத்து அனுப்பினால், மருத்துவமனையில் உப்புநீர் விட்டு நாள்தோறும் டெக்னீசியத்தைக் கறந்துகொள்ளலாம். அதைச் செய்பவர்கள் 'பால் கறப்பது' என்றே சொல்கிறார்கள். 1958இல் இதற்குக் காப்புரிமை கேட்டபோது, அதற்கேற்ற சந்தை இருப்பதாகத் தெரியவில்லை என்று அமெரிக்க அணுசக்தி ஆணையம் விட்டுவிட்டது. அணுத்துறையின் கண்ணுக்கு அதன் பயன் தெரியவில்லை. அதே ஆய்வகத்தின் பவல் ரிச்சர்ட்ஸோ அதன் மருத்துவப் பயனை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். சிகாகோவில் மருத்துவர் பால் ஹார்ப்பர் 1961இல் அதை வாங்கிப் பயன்படுத்தினார். கறந்தெடுக்கும் டெக்னீசிய உப்பைத் தைராய்டு அயோடின் என்று எண்ணி உள்ளே இழுத்துக்கொள்கிறது என்பது இங்கே நினைவில் வைக்கவேண்டிய செய்தி.

மூன்றாவதாக, தைராய்டு ஒரு விதிவிலக்கு, வேறெந்த உறுப்புக்கும் அப்படி ஒரு தனிப்பசி இல்லை, ஆகவே அதை வைத்து ஒரு துறையின் வரலாற்றையே சொல்லலாகாது என்று வாதிடலாம். அறுபதுகள் வரை இது சரியாகப்படும். பிறகு நடந்ததெல்லாம் மற்ற திசுக்களின் பசியைத் தேடிக் கண்டுபிடித்த கதைதான். எலும்பு பாஸ்பேட்டை எடுத்துக்கொள்கிறது என்று ஹெவெஷி காட்டியதை வைத்து, 1971இல் சிராக்யூஸில் கோபால் சுப்ரமணியனும் மெக்காஃபியும் டெக்னீசியத்தைப் பாஸ்பேட்டோடு பிணைத்து எலும்புப் படம் எடுத்தார்கள். எலும்புக்குப் பரவிய புற்றைத் தேட இன்றும் அந்த வழிதான் பரவலானது. புற்றணுக்கள் சர்க்கரையை அளவுக்கு மீறித் தின்பதை வார்பர்க் 1920களில் காட்டியிருந்தார். ஃப்ளூரின்-18 ஒட்டிய சர்க்கரையை 1976இல் பென்சில்வேனியாவில் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தினார்கள், இன்றைய பெட் ஸ்கேனின் முதுகெலும்பு அதுவே. பிராஸ்டேட் புற்றணுவின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தைப் பற்றும் மூலக்கூறோடு லுட்டீசியம்-177ஐச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சைக்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதலில் படத்தில் காட்டு, பிறகு அதே முகவரிக்கு மருந்தை அனுப்பு என்ற அதன் முறையைப் புதுமை என்கிறார்கள். சைட்லினின் நோயாளியை அறிந்தவர்களுக்கு அது பழகிய முறை.

இந்தியாவைப் பார்க்கும்போது என் வாதம் கொஞ்சம் தள்ளாடுவதை ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே உலை முந்தியது: டிராம்பேயில் அப்சரா 1956இல் இயங்கத் தொடங்கியது, பம்பாய் பரேலில் கதிர் மருத்துவ மையம் 1963இல் வந்தது, ஐசோடோப்புகளைத் தந்தது அணுசக்தித் துறை. ஆனாலும் நம் நாட்டு அணு மருத்துவம் அதிகம் உழைத்த இடங்களில் ஒன்று தைராய்டு; கழலை மிகுந்த நாடு தன் நோய்க்கு ஏற்ற வேலையைத் தேர்ந்துகொண்டது. பெயரில் உள்ள அணு மக்களை மிரட்டுகிறது என்பதும் உண்மைதான். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்று தொடங்கிய கருவி, கதிரியக்கமே இல்லாததாயினும், 'அணுக்கரு' என்ற சொல்லை உதிர்த்துவிட்டு எம்ஆர்ஐ ஆகித்தான் மருத்துவமனைக்குள் பரவியது. அச்சத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 1986இல் செர்னோபில் வெடித்தபோது காற்றில் வந்ததும் இதே அயோடின்-131தான்; புல்லில் விழுந்து பாலில் சேர்ந்து, குழந்தைகளின் தைராய்டு அதை உணவென்று எடுத்துக்கொண்டது, புற்று வந்தது. அதைத் தடுக்கும் வழியும் சுரப்பியின் அந்தப் பழக்கத்திலேயே இருக்கிறது: நல்ல அயோடினால் முன்கூட்டியே நிரப்பிவிட்டால் கெட்டதற்கு இடமில்லை. பக்கத்து நாடான போலந்து சில நாட்களுக்குள் ஒரு கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குச் சாதாரண அயோடினைக் குடிக்கக் கொடுத்தது. குவாந்தே 1820இல் ஜெனீவாவில் கழலைக்குக் கொடுத்த அதே அயோடின்.