அலாவுதீன் விளக்கு எரிஞ்சா என்ன அர்த்தம்? - ஒரு சிவப்பு பல்பின் சரித்திரம்

கார் டேஷ்போர்டுல ஒரு சின்ன சிவப்பு விளக்கு இருக்கும், பார்த்திருப்பீங்க. அலாவுதீன் கையில வச்சிருக்கிற விளக்கு மாதிரியே மூக்கு நீட்டிக்கிட்டு, மூக்கு நுனியில ஒரு சொட்டோட. உண்மையில அது விளக்கு இல்லை, எண்ணெய் கேன். நம்மூர் மெக்கானிக்குங்க அதை 'ஆயில் லைட்'டுன்னு சொல்வாங்க. தேய்ச்சா பூதம் வராது. எரியும்போது கண்டுக்காம ஓட்டினா செலவுங்கிற பூதம் கண்டிப்பா வரும் :-)

பாடியில இருந்து அம்பத்தூர், ஆவடி வரைக்கும் இந்த ரோட்டுல தினம் போய் வர்றவனுக்கு, இந்த ஒரு பல்போட கதை நம்ம ஏரியா வழியாத்தான் ஓடுதுன்னு தோணிக்கிட்டே இருக்கும். அதை எழுதி வச்சிடலாம்னுதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். எஞ்சினுக்குள்ள கிராங்க் ஷாஃப்ட் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுத்துது. அது பேரிங்கைத் தொடுறதே இல்லைன்னு சொன்னா நம்புவீங்களா? நடுவுல தலைமுடியை விட மெல்லிசா ஒரு ஆயில் படலம் இருக்கு. ஷாஃப்ட் அது மேல மிதக்குது. இதைக் கண்டுபிடிச்சது ஒரு விபத்து மாதிரி. 1883ல இங்கிலாந்துல பியூசாம்ப் டவர்ங்கிறவர் ரயில் அச்சு பேரிங்ல உராய்வு எவ்வளவுன்னு அளந்துக்கிட்டு இருந்தார். ஆயில் ஊத்த பேரிங் தலையில ஒரு ஓட்டை போட்டார். மெஷினை ஓட்டினா உள்ள போக வேண்டிய ஆயில் வெளியில வழியுது. தக்கை வச்சு அடைச்சார், தள்ளிடுச்சு. மரக்கட்டையை அடிச்சு வச்சார், அதையும் தள்ளிடுச்சு. சரின்னு பிரஷர் மீட்டரை மாட்டினா முள்ளு 200 பி.எஸ்.ஐ.யைத் தாண்டிப் போயிடுச்சு. சுத்துற ஷாஃப்ட் தானே ஆயிலை இழுத்து, ஆப்பு மாதிரி உள்ள திணிச்சு, அந்த அழுத்தத்தை உண்டாக்குது. 1886ல ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதுக்குக் கணக்கு போட்டுக் கொடுத்தார். மெக்கானிக்கல் படிச்சவங்களுக்கு அந்தச் சமன்பாடு கனவுல வந்து பயமுறுத்தியிருக்கும்.

அப்போ ஆயில் பம்ப் எதுக்கு? ஷாஃப்டைத் தூக்க இல்லை. அந்த இடுக்குக்கு ஆயிலை விடாம கொண்டுபோய்ச் சேர்க்க. சப்ளை நின்னா சில நிமிஷத்துல இரும்பும் பேரிங்கும் உரச ஆரம்பிச்சிடும். இந்தக் குறுக்கெழுத்துல நாம பார்க்கிற ஒரே க்ளூதான் ஆயில் பிரஷர்.

ஆரம்ப கால கார்கள்ல இந்தக் கவலையே இல்லை, ஏன்னா பிரஷரே இல்லை. 1908ல வந்த ஃபோர்டு மாடல் டி-யில ஆயில் பம்பும் கிடையாது, மீட்டரும் கிடையாது. ஃப்ளைவீல் சுத்தும்போது ஆயிலை வாரி இறைக்கும், அவ்வளவுதான். ஆயில் இருக்கான்னு பார்க்கணும்னா வண்டிக்கு அடியில போய், ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருக்கிற ரெண்டு குழாயைத் திறந்து பார்க்கணும். கிட்டத்தட்ட ஒன்றரைக் கோடி வண்டி இப்படியே வித்துச்சு!

எஞ்சின் வேகம் கூடக் கூட பம்ப் வச்சு ஆயிலைத் தள்ள வேண்டியதாச்சு. டேஷ்போர்டுல மீட்டர் வந்துச்சு. உள்ள இருக்கிறது 1849ல பிரான்ஸ்ல யூஜின் பூர்டான் காப்புரிமை வாங்கின வளைஞ்ச குழாய். எஞ்சின்ல இருந்து ஒரு மெல்லிசு பைப் நேரா டேஷ்போர்டு வரைக்கும் சூடான ஆயிலைக் கொண்டு வரும். அழுத்தம் கூடினா வளைஞ்ச குழாய் நிமிரும், முள்ளு நகரும். அற்புதமான சாதனம். ஒரே சிக்கல், பைப் விட்டுப்போச்சுன்னா சூடான ஆயில் உங்க வேட்டியில :-(

1930கள்ல அமெரிக்காவுல ஹட்ஸன் கம்பெனி மீட்டரைத் தூக்கிட்டு பல்பை மாட்டுச்சு. பின்னாடி மத்தவங்களும் மெல்ல அதே வழிக்கு வந்தாங்க. கார் பிரியர்களுக்குச் செம கோபம். 'இடியட் லைட்'டுன்னே பேர் வச்சாங்க. மீட்டரைப் படிக்கத் தெரியாத முட்டாளுக்கான விளக்காம்!

ஒரு சாஃப்ட்வேர்காரனா நான் இங்க கொஞ்சம் பல்பு கட்சிக்கு வக்காலத்து வாங்கறேன். மீட்டர் கொடுக்கிறது ஒரு ஃப்ளோட் நம்பர். பல்பு கொடுக்கிறது ஒரே ஒரு பிட். தகவல் குறைவுதான், ஒத்துக்கறேன். ஆனா அந்த சர்க்யூட்டைப் பாருங்க. பேட்டரியில இருந்து சாவி வழியா பல்பு, பல்புல இருந்து ஒரே ஒரு ஒயர் எஞ்சின்ல இருக்கிற ஆயில் சுவிட்சுக்கு, அங்கிருந்து எஞ்சின் பாடியிலயே எர்த். அழுத்தம் இல்லாதப்போ சுவிட்ச் மூடியிருக்கும், பல்பு எரியும். அழுத்தம் ஏறினதும் உள்ள இருக்கிற டயஃப்ரம் தள்ளி சுவிட்சைத் திறக்கும், பல்பு அணையும். சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி எஞ்சின்ல அழுத்தம் பூஜ்யம். அதனால பல்பு எரிஞ்சே ஆகணும். அதாவது தினமும் வண்டி எடுக்கும்போதெல்லாம் இந்த சிஸ்டம் தன்னைத்தானே டெஸ்ட் பண்ணிக் காட்டுது. 90 வருஷம் முன்னாடியே யூனிட் டெஸ்ட்!

இப்போ நம்மூருக்கு வருவோம். சுதந்திரம் கிடைச்ச கொஞ்ச நாள்லயே முழு காரா இறக்குமதி பண்றதை அரசாங்கம் தடுத்தது. 1953ல வரிக் கமிஷன், இங்க தயாரிக்கத் திட்டம் இல்லாதவங்க கிளம்பலாம்னு சொல்லிடுச்சு. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பினாங்க. மிஞ்சின கார்கள் மூணு: கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல அம்பாசடர், பம்பாய்ல ஃபியட், நம்ம மெட்ராஸ் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு. ஆனா கார் மட்டும் போதுமா? உள்ள போற சாமான் வேணுமே. பாடியில வரிசையா டி.வி.எஸ். குழுமத்தோட தொழிற்சாலைங்க வந்துச்சு. 1960ல வீல்ஸ் இந்தியா, 1961ல லூகாஸ்-டி.வி.எஸ்., 1962ல பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும். 60கள்லயே அம்பத்தூர் தொழிற்பேட்டை. செம்பியத்துல இந்தியா பிஸ்டன்ஸ், பைமெட்டல் பேரிங்ஸ். டவர் மண்டையை உடைச்சுக்கிட்ட அதே பேரிங், இங்க நமக்குப் பக்கத்துத் தெருவுல தயாராச்சு.

இதுல ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம்ம ஊர் பிள்ளை. 1961ல வந்தது. டேஷ்போர்டுல பெருசா ஒரே ஒரு டயல், எச்சரிக்கைக்கெல்லாம் அதுலயே சின்னச் சின்ன விளக்குங்க. 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தப்போ பெட்ரோலுக்கும் சூட்டுக்கும் முள்ளு, ஆயிலுக்கு பல்பு. அதுக்கப்புறம் நம்ம ஜனங்க முக்கால்வாசிப் பேர் ஆயில் மீட்டரைக் கண்ணால பார்த்ததே இல்லை. திருவொற்றியூர்ல 1955ல இருந்து வந்த பழைய புல்லட்டுக்கு அதுவும் இல்லை. ஆயில் மாத்தினதும் மேல ராக்கருக்குப் போற பைப்போட போல்ட்டை லேசா லூஸ் பண்ணி, ஆயில் கசியுதான்னு பார்ப்பாங்க. டவர் போட்ட ஓட்டை மாதிரியேதான்!

இதுக்கு நேர் எதிர் ஆவடியில. டாங்கி ஃபாக்டரி 1961ல ஆரம்பிச்சு, 1965 டிசம்பர்ல முதல் விஜயந்தா வெளிய வந்துச்சு. அதோட லேலண்ட் எஞ்சின்ல 6 சிலிண்டருக்கு 12 பிஸ்டன், எதிரும் புதிருமா. ஆயில் கசிவுக்கும் லைனர் கோளாறுக்கும் பேர் போனது அது. அப்புறம் டி-72 வந்தது. அதுக்குன்னே 1987ல ஆவடியில எஞ்சின் ஃபாக்டரி போட்டாங்க. 780 குதிரை சக்தி, 12 சிலிண்டர். அந்த டாங்கியை எடுத்ததும் ஸ்டார்ட் பண்ண மாட்டாங்க. முதல்ல ஒரு மின்சார பம்ப் ஆயிலை உள்ள தள்ளும். மீட்டர்ல அழுத்தம் ஏறினதைப் பார்த்தப்புறம்தான் எஞ்சினைச் சுத்த விடுவாங்க. நம்ம கார்ல ஸ்டார்ட் பண்ணின பிறகு விளக்கு அணையுதான்னு பார்க்கிறோம். அங்க அழுத்தம் வந்தாத்தான் ஸ்டார்ட்டே. சிக்னலுக்கு மதிப்பு கொடுக்கிறதுன்னா அது!

சரி, பழைய வண்டி வச்சிருக்கிறவங்களுக்கான மேட்டர். ஓடும்போது விளக்கு எரிஞ்சா என்ன பண்ணணும்?

முதல்ல ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்க. 'வீடு பக்கத்துலதான், மெதுவா ஓட்டிப் போயிடலாம்'ங்கிறதுதான் எஞ்சினைக் கொல்ற வாக்கியம். அந்த சுவிட்ச் சாதாரணமா 5 பி.எஸ்.ஐ. பக்கத்துல வேலை செய்யும்படி வச்சிருப்பாங்க. நல்ல எஞ்சின்ல ஓட்டத்துல 40க்கு மேல இருக்கும். அதாவது விளக்கு எரியும்போது 'குறையுது'ன்னு சொல்லலை, 'காலியாயிடுச்சு'ன்னு சொல்லுது.

அஞ்சு நிமிஷம் விட்டு ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்க. குறைஞ்சிருந்தா காரணம் தெரிஞ்சுபோச்சு. கூடியிருந்தா? சந்தோஷப்படாதீங்க, மோந்து பாருங்க. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு மூணுலயும் பெட்ரோல் பம்ப் எஞ்சின் பக்கவாட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கும். அதோட டயஃப்ரம் கிழிஞ்சா பெட்ரோல் நேரா ஆயிலுக்குள்ள இறங்கும். அளவு கூடும், ஆயில் தண்ணியாயிடும், அழுத்தம் போயிடும். ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

அளவு சரியா இருக்கா? சுவிட்ச்ல இருக்கிற ஒயரைக் கழட்டி, சாவியை மட்டும் திருப்புங்க. அப்பவும் விளக்கு எரிஞ்சா ஒயர் எங்கயோ உரசி எர்த் ஆகுது, எஞ்சின் மேல தப்பில்லை. அணைஞ்சா, சுவிட்ச் பழுதா இருக்கலாம், அல்லது உண்மையாவே அழுத்தம் இல்லாம இருக்கலாம். இந்த இடத்துலதான் நிறைய பேர் ஒரு புது சுவிட்சைப் போட்டுட்டு சாமி கும்பிடுறாங்க. அதுக்கு முன்னாடி, சுவிட்சைக் கழட்டின அதே ஓட்டையில பழைய பூர்டான் மீட்டரை மாட்டி, ஸ்டார்ட் பண்ணி உடனே முள்ளைப் பாருங்க. முள்ளு எழும்பலைன்னா அந்த நொடியே நிறுத்திடணும். எழும்பினா, எஞ்சின் நல்லா சூடானதும் ஐடிலிங்ல ஒரு தடவை, 2000 சுத்துல ஒரு தடவை பார்க்கணும். 1000 சுத்துக்கு 10 பி.எஸ்.ஐ. இருந்தா பரவாயில்லைங்கிறது மெக்கானிக்குங்களோட பழைய வாய்ப்பாடு. சரியான எண்ணுக்கு வண்டியோட சர்வீஸ் புக்கைப் பார்க்கணும்.

அங்கயும் கம்மின்னா, செலவு கம்மியான இடத்துல இருந்து போகணும்: சம்ப்ல சல்லடை சேறு கட்டியிருக்கா, ரிலீஃப் வால்வு திறந்தபடி மாட்டிக்கிச்சா, பம்ப் தேஞ்சிருக்கா, கடைசியா பேரிங். ஓட்டத்துல சரியா இருந்து, சூட்டுல, சிக்னல்ல நிக்கும்போது மட்டும் விளக்கு மினுக்குதுன்னா பெரும்பாலும் பேரிங் தேய ஆரம்பிச்சாச்சு. இடைவெளி கூடினா ஆயில் சுலபமா வழிஞ்சிடும், அழுத்தம் நிக்காது. நம்ம ஊர் மே மாச வெயில்ல ஆயிலும் இளகும். இதுக்குக் கெட்டி ஆயிலை ஊத்தி ஓட்டறது ரொம்ப நாள் பழக்கம். காய்ச்சலுக்கு மாத்திரை மாதிரிதான். சூடு இறங்கும், நோய் உள்ளயே இருக்கும்.

இது பணக்கார ஊர் பிரச்சினை இல்லைங்கிறதை மறந்திடக் கூடாது. ஒரு வண்டியை வச்சுப் பிழைக்கிற டிரைவருக்கு எஞ்சின் சீஸ் ஆச்சுன்னா, வேலைக்கான செலவோட அத்தனை நாள் வருமானமும் போச்சு. அந்த ஒரு ரூபாய் பல்புக்குப் பின்னாடி ஒரு குடும்பத்தோட மாச பட்ஜெட் நிக்குது. அதனாலதான் பழைய வண்டி விற்கிறதுல இருக்கிற ஒரு தில்லாலங்கடி வேலை எனக்கு எரிச்சலா வரும். விளக்கு அணையாத வண்டியில பல்பையே கழட்டிடுவாங்க. இன்னும் கெட்டிக்காரங்க ஆயில் விளக்கோட ஒயரைப் பக்கத்துல இருக்கிற சார்ஜிங் விளக்கோட சேர்த்துடுவாங்க. சாவி போட்டா எரியும், ஸ்டார்ட் ஆனா அணையும். டெஸ்ட் பாஸ்! உள்ள எஞ்சின் செத்துக்கிட்டு இருக்கும். வாங்கப் போறவங்க ஒயரைப் பின்தொடர்ந்து பாருங்க. சாவியை மட்டும் போட்டு, சுவிட்ச்ல இருந்து ஒயரைக் கழட்டினா விளக்கு அணையணும், எஞ்சின் பாடியில தொட்டா எரியணும். அதுதான் நேர்மையான விளக்கு.

முள்ளு மட்டும் யோக்கியமான்னு கேட்டீங்கன்னா, அதுவும் இல்லை. 80களோட பிற்பகுதியில அமெரிக்காவுல ஃபோர்டு சில வண்டிகள்ல ஆயில் மீட்டரை வச்சுட்டு, பின்னாடி வெறும் ஆன்-ஆஃப் சுவிட்சை இணைச்சுட்டாங்க. கொஞ்சம் அழுத்தம் இருந்தாலே முள்ளு நடுவுல போய் நிம்மதியா உட்கார்ந்துக்கும். நிஜ முள்ளு ஏறி இறங்கினதைப் பார்த்து ஜனங்க பயந்தாங்களாம். பல்புக்கு முள்ளு வேஷம் போட்டாச்சு. அதுக்கு நம்ம சிவப்பு பல்பே மேல்னு தோணுது. தனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும்னு அது ஒளிச்சு வைக்கிறதில்லை.

மக்கள் எல்லாரும் எரியிற விளக்கைப் பார்த்துத்தான் பயப்படறாங்க. எரியிற விளக்கு தன் வேலையைச் செய்யுது. நாளைக்குக் காலையில சாவியைத் திருப்பும்போது, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு நொடி நிறுத்திப் பாருங்க. எரியலைன்னா, அதுக்குத்தான் முதல்ல மெக்கானிக்கைப் பார்க்கணும்.