பெருவிரல் மூட்டு விறைப்பு

கால் பெருவிரலின் அடிமூட்டில் குருத்தெலும்பு தேய்ந்து, விரல் மேல்நோக்கி மடங்காமல் இறுகிப்போகும் நோய். மருத்துவப் பெயர் ஹாலக்ஸ் ரிஜிடஸ். பாதத்து மூட்டுகளில் தேய்வு மிகுதியாகக் காணப்படுவது இங்குதான். 1887இல் டேவிஸ்-கோலி என்ற ஆங்கிலேய சத்திரசிகிச்சை நிபுணர் இதனை விவரித்தார்.

நடக்கையில் குதி நிலத்தைவிட்டு எழும்போது உடற்பாரம் முழுவதும் முன்பாதத்துக்கு வருகிறது. பெருவிரல் அப்போது வளைந்து கொடுக்கவேண்டும். நல்ல மூட்டு 65 முதல் 75 பாகை வரை வளையும். தேய்ந்த மூட்டின் மேல்விளிம்பில் எலும்பு முளைத்து அந்த வளைவை மறிக்கிறது. சப்பாத்து அதில் உரஞ்சினால் நோவு கூடும். நோவுக்குப் பயந்து பாதத்தின் வெளிப்பக்கத்தை ஊன்றி நடப்பவருக்கு நாளடைவில் முழங்காலும் நாரியும் நோகத் தொடங்கலாம்.

யாழ்ப்பாணத்து வடமராட்சியில், நெல்லியடிப் பக்கத்தில் இதுவும் 'வாதம்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. பெருவிரலைத் தாக்கும் கவுட் என்ற மூட்டுநோய் வேறு: அது ஓர் இரவுக்குள் விரலைச் சிவக்கவைத்து, போர்வை படவும் விடாது, காரணம் யூரிக் அமிலம். விறைப்போ ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவது. எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி குறுகித் தெரியும்.

வடமராட்சி வாழ்க்கை பெருவிரலை ஓயவிடுவதில்லை. வெங்காயத் தறையில் குதியுயர்த்திக் குந்திக் களை பிடுங்குபவருக்கும், வல்லிபுரக் கோயில் மணலில் வெறுங்காலுடன் நடப்பவருக்கும், செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவருக்கும் அது மடங்கியே ஆகவேண்டும். மருத்துவர் சொல்வதோ மடங்காத, தடித்த அடியுள்ள சப்பாத்து! கோயில் வாசலில் அதைக் கழற்றத்தானே வேண்டும். மெல்லிய இறப்பர் செருப்பு இந்நோய்க்குக் கொஞ்சமும் ஆகாது. சைக்கிள் ஓடலாம், மிதிபலகையை விரலால் அழுத்தாமல் நடுப்பாதத்தால் மிதித்தால் போதும்.

கைதடி சித்த போதனா வைத்தியசாலை அருகிலிருப்பதால் எண்ணெய்ப் பூச்சையும் ஒத்தடத்தையும் நாடுவோர் உண்டு. அவை நோவைத் தணிக்கலாம். தேய்ந்த குருத்தெலும்பை மீட்காது. நோவுமாத்திரையும் மூட்டுக்குள் ஏற்றும் ஸ்டீரொய்ட் ஊசியும் அப்படித்தான்.

ஆரம்ப நிலையில், முளைத்த எலும்பையும் மூட்டுத்தலையின் மேற்பகுதியில் ஏறத்தாழ கால்பங்கையும் செதுக்கி எடுப்பார்கள். முற்றிய மூட்டைத் தகடும் திருகாணியும் வைத்து, விரல் சற்று மேல்நோக்கி நிற்க ஒட்டவைப்பார்கள். அதன்பின் பெரும்பாலானோர் நோவின்றி நடக்கிறார்கள். ஆனால் அந்த மூட்டு இனி மடங்காது. தறையில் விரலூன்றிக் குந்துகிறவர் ஒப்புக்கொள்ளுமுன் கேட்டறியவேண்டியது இதை.