நாழிகை போய் மணி வந்த கதை

தினசரிக் காலண்டர் தாள் எதைக் கிழிச்சுப் பார்த்தாலும், திங்கட்கிழமை ராகுகாலம் 7.30 முதல் 9.00 வரை என்றுதான் போட்டிருக்கும். தை மாசமானாலும் ஆனி மாசமானாலும் அதே நேரம்தான். சூரியன் மட்டும் அப்படி ஒரே நேரத்துக்கு உதிப்பதில்லையே!

பஞ்சாங்கக் கணக்கில் நாள் நடுராத்திரியில் பிறப்பதில்லை, பொழுது கிளம்பும்போது பிறக்கிறது. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிஷம். அந்தக் காலத்தில் 'பத்து நாழிகைக்கு வா' என்றால், பொழுது கிளம்பி நாலு மணி நேரம் கழிச்சு வா என்று அர்த்தம். பகலில் நிழலை வைத்து நேரம் பார்ப்பார்கள். மத்த நேரத்துக்கு நாழிகை வட்டில் இருந்தது. அடியில் சின்ன ஓட்டை போட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்க விட்டால், அது நிறைஞ்சு மூழ்கும்போது ஒரு நாழிகை. தண்ணீரை வைத்துப் பொழுது அளந்தவர்களைப் பற்றி முல்லைப்பாட்டிலேயே இருக்கிறது.

பஞ்சாங்கக்காரர்களின் கணக்கும் லேசுப்பட்டதல்ல. ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி சந்திர கிரகணம் கணித்ததை 1825-இல் எழுதி வைத்திருக்கிறார். கையில் ஏடு கிடையாது. அட்டவணை முழுக்கச் சொற்களாக மனப்பாடம். கிரகணம் தொடங்கும் நேரத்தில் வித்தியாசம் நாலு நிமிஷம்தான். முடியும் நேரத்தில்தான் பிசகு அதிகம்.

அப்புறம் ரயில் வந்தது. ஊருக்கு ஒரு நேரம் இருந்தால் ரயில் ஓட்ட முடியுமா? முதலில் மெட்ராஸ் நேரத்தை வைத்து ஓட்டினார்கள். 1906 ஜனவரி 1 முதல் நாட்டுக்கே ஒரு நேரம் என்றானது. அது 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். அதனால் சென்னையின் சூரியக் கணக்குக்கும் கடிகாரத்துக்கும் சராசரி 9 நிமிஷ வித்தியாசம். கோயம்புத்தூர் பக்கம் 22 நிமிஷம்.

ராகுகாலம் என்பது பகல் பொழுதை எட்டாகப் பங்கு போட்டதில் ஒரு பங்கு. திங்கட்கிழமைக்கு இரண்டாம் பங்கு. ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு அடைவதாக வைத்துக்கொண்டால் 7.30 – 9.00 சரி. ஆனால் தைப்பொங்கல் சமயம் கோயம்புத்தூரில் பொழுது கிளம்ப ஏறக்குறைய 6.45 ஆகும், அடைய 6.15 ஆகும். கணக்குப் போட்டால் ராகுகாலம் சுமார் 8.10 முதல் 9.35 வரை.

இங்கே கிராமத்தில் போர் வண்டியையே 9 மணி வரை நிறுத்தி வைத்து, 'ராகு போயாச்சு, ஆரம்பிங்க' என்பார்கள். பஞ்சாங்கக் கணக்குப்படி அதுதான் நட்டநடு ராகுகாலம்!

திதி அப்படியல்ல. சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகுவது ஒரு திதி. அது முடியும் கணம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். அதனால் பஞ்சாங்கத்தில் திதியை நாழிகையில் போட்டிருந்தால், எந்த ஊர் சூரிய உதயத்துக்குக் கணித்தது என்று பார்த்து, அந்த உதயத்திலிருந்து எண்ணணும்.

நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நம்புகிறவர்கள் கடிகாரத்தைப் பார்க்கும் முன்னாடி, அவங்க ஊரில் பொழுது எப்போ கிளம்புதுன்னு ஒரு எட்டு வெளியே வந்து பாருங்க.