ரன்-மேக் சோதனைகள்: ரஸ்ட் கம்பைலரிலிருந்து மேக்ஃபைல் நீங்கிய வரலாறு

ரன்-மேக் என்பது ரஸ்ட் நிரல்மொழியின் கம்பைலரைச் சோதிக்கும் தொகுதிகளுள் ஒன்று. ஒரு நிரல்கோப்பைக் கொடுத்து, வரும் பிழைச் செய்தியை முன்பே பதிந்துவைத்த செய்தியோடு ஒப்பிடும் எளிய சோதனைகளுக்கு வேறு தொகுதி உண்டு. கம்பைலரை இரண்டு மூன்று முறை ஓட்ட வேண்டும், நடுவே ஒரு கோப்பை அழிக்க வேண்டும், சி மொழியில் எழுதிய நூலகத்தோடு இணைக்க வேண்டும், கடைசியில் உருவான பைனரி கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும் என்றால், அந்தச் சோதனைக்கு இடம் இங்கேதான். நெடுங்காலம் மேக் என்ற கருவி படித்து ஓட்டும் மேக்ஃபைல்களாக இருந்த இச்சோதனைகள் 2024இலும் 2025இன் தொடக்கத்திலும் ரஸ்ட் மொழியிலேயே மாற்றி எழுதப்பட்டன.

மேக் கருவியை 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கினார். உடன் பணியாற்றிய ஒருவர் ஏற்கெனவே திருத்திவிட்ட பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுதை வீணாக்கினார். திருத்திய கோப்பு மறுபடி கம்பைல் ஆகாமலே இருந்திருக்கிறது. அதிலிருந்து பிறந்த கருவி, எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது, எது பழையதாகிவிட்டது என்று பார்த்துத் தேவையானதை மட்டும் மறுபடி கட்டும். கட்டளை வரிகள் டேப் எழுத்தில் தொடங்க வேண்டும் என்ற விதி பலரைத் தடுக்கிவிட்டாலும், 2003இல் ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருது பெறும் அளவுக்கு மேக் உலகெங்கும் ஊன்றிவிட்டது. ஆனால் ஒரு சோதனைக்கு அதன் தனித்திறன் பயன்படாது. சோதனையில் எல்லாப் படிகளும் ஒவ்வொரு முறையும் வரிசையாக ஓட வேண்டும். எதையும் பழையது, புதியது என்று பிரித்துத் தவிர்க்கக் கூடாது. ஆகவே சோதனைக்குப் பயன்பட்ட மேக், ஷெல் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் உறையாக மட்டுமே இருந்தது.

ரஸ்ட் மொழியை 2006இல் கிரேடன் ஹோர் தொடங்கினார். முதல் கம்பைலர் ஓகேமல் மொழியில் எழுதப்பட்டது. 2011இல் ரஸ்டில் எழுதிய கம்பைலர் தன்னைத்தானே கம்பைல் செய்யத் தொடங்கியது. அக்காலத்தில் முழுத் திட்டமும் மேக்ஃபைல்களால்தான் கட்டப்பட்டது என்பதால் சோதனைகளும் அதே வழியில் போயின. 2015 மே 15 அன்று 1.0 பதிப்பு வெளிவந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கட்டுமான முறை ரஸ்டில் எழுதிய புதிய கருவிக்கு மாறியது, பழைய மேக்ஃபைல்கள் நீக்கப்பட்டன. ரன்-மேக் மட்டும் அப்படியே நின்றது. ஒவ்வொரு சோதனையும் தனித்தனி விதிவிலக்கு என்பதால், மொத்தமாக மாற்ற யாராலும் முடியவில்லை.

இத்தகைய சோதனை ஒன்றை அருகிலிருந்து பார்க்கலாம். 'ஏ-பி-ஏ-லிங்கர்-கார்ட்' என்ற சோதனையில் இரண்டு சிறு நிரல்கள் உண்டு. முதலில் 'ஏ' என்ற நூலகம் ஒருவகைத் தரவு வகைகளோடு கட்டப்படும். அதைச் சார்ந்து 'பி' கட்டப்பட்டு ஓடும். வெற்றி பெற வேண்டும். பிறகு 'ஏ' மட்டும் வேறு வகைகளோடு மறுபடி கட்டப்படும். இப்போது பழைய 'பி' ஓடக் கூடாது. ஓடினால் நினைவகத்தில் தவறான அமைப்பை நம்பி நிரல் செயல்படுகிறது என்று பொருள். மேக்ஃபைலில் இது ஐந்தே கட்டளை வரிகள். இந்த அளவில் மேக்ஃபைல் சுருக்கமாகவும் படிக்க எளிதாகவும் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

சிக்கல் நுணுக்கமான இடங்களில் வந்தது. கம்பைலர் ஒரு நிரலை மறுக்க வேண்டும் என்று சோதிக்க, 'வெற்றி பெற்றால் 1 என்று வெளியேறு, இல்லாவிட்டால் 0 என்று வெளியேறு' என்ற பொருளில் ஷெல் வரி எழுதுவார்கள். கம்பைலர் சரியான பிழைச் செய்தி தந்து மறுத்தாலும், உள்ளேயே நொறுங்கி விழுந்தாலும் இந்த வரிக்கு இரண்டும் ஒன்றுதான். சாதாரண மறுப்பில் ரஸ்ட் கம்பைலரின் வெளியேற்ற எண் 1, நொறுங்கினால் 101. அந்த வேறுபாட்டை அந்த வரி விழுங்கிவிடும். ஒரு கட்டளையின் வெளியீட்டைப் பைப் வழியாக, சொல் தேடும் கிரெப் கருவிக்கு அனுப்பும்போதும் இதே கதை: பைப்பின் முடிவு கடைசிக் கட்டளையின் முடிவு மட்டுமே. போதாததற்கு கிரெப் வெளியீட்டைத் தின்றுவிடுவதால், தோல்வியின்போது பதிவேட்டில் பார்க்க எதுவும் மிஞ்சாது. அதற்காக வெளியீட்டைக் காட்டிவிட்டுத் தேடும் ஷெல் நிரல் ஒன்றை எழுதினார்கள். பிறகு அந்த ஷெல் நிரல் சரியாக இயங்குகிறதா என்று பார்க்கவும் ஒரு ரன்-மேக் சோதனை தேவைப்பட்டது. விண்டோஸில் இவற்றை ஓட்ட யூனிக்ஸ் சூழலைப் போலி செய்யும் எம்சிஸ்2 வேண்டும். அங்கே ஓடாத பல சோதனைகள் 'விண்டோஸில் விட்டுவிடு' என்ற குறிப்போடு ஒதுங்கின. குறிப்புக்குக் காரணம் எழுதப்படாததால், குறை கம்பைலருடையதா ஷெல்லுடையதா என்று பின்னால் வந்தவர்களுக்குப் புரியவில்லை.

இவற்றையெல்லாம்விடப் பாடமாக நிற்பது, இன்டெல் செயலிகளின் ஐபிடி பாதுகாப்பு பற்றிய சோதனை. மறைமுகத் தாவல்கள் அனுமதித்த இடத்தில் மட்டுமே இறங்க வேண்டும் என்பதே ஐபிடி. அதற்கேற்பக் கட்டிய பைனரியில் அதைத் தெரிவிக்கும் ஒரு குறிப்புப் பகுதி இருக்க வேண்டும். அது இருக்கிறதா என்று பார்ப்பதே சோதனையின் வேலை. மேக்ஃபைலில் ஒரு நிபந்தனை: கம்பைலரின் பின்புலத்தில் இயங்கும் எல்எல்விஎம் தொகுப்பின் உறுப்புப் பட்டியலிலிருந்து 'எக்ஸ்86' என்ற பெயரை வடிகட்டி எடுத்து, அதை 'எக்ஸ்86_64' என்பதோடு ஒப்பிடு. இரண்டும் ஒருபோதும் சமமாகாது. ஆகவே உள்ளே இருந்த கட்டளைகள் ஓடவே இல்லை. செய்ய எதுவும் இல்லாத மேக், வெற்றி என்று வெளியேறியது. மாற்றி எழுத எடுத்தபோதுதான் இது வெளிப்பட்டது. நிபந்தனையைச் சரிசெய்து ஓட்டியதும் சோதனை தோற்றது: எதிர்பார்த்த குறிப்பு பைனரியில் இல்லை. பாதுகாப்பு அம்சம் ஒன்றைக் காவல் காக்கிறது என்று எல்லாரும் நம்பிய சோதனை, எதையும் காக்காமல் பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருந்தது. மாற்றத்துக்கு வேறு நியாயம் தேவையில்லை.

புதிய அமைப்பு 2024இன் தொடக்கத்தில் கம்பைலரின் களஞ்சியத்தில் சேர்ந்தது. மேக்ஃபைலின் இடத்தில் 'ஆர்மேக்' என்ற பெயருள்ள ரஸ்ட் கோப்பு. அதற்குத் துணையாக ஒரு நூலகம். மேலே சொன்ன 'ஏ-பி-ஏ' சோதனை முதலில் மாற்றப்பட்டவற்றுள் ஒன்று. ஆர்மேக் கோப்பைக் கம்பைல் செய்வது, சோதிக்கப்படும் புதிய கம்பைலர் அல்ல. கட்டுமானத்தின் முதல் படியில் பயன்படும், ஏற்கெனவே வெளியான கம்பைலர். இதனால் சோதனைக்குள்ளாகும் கருவியில் பிழை இருந்தால் அது சோதனை நிரலையே கெடுத்துவிடாது.

துணை நூலகத்தின் வடிவமைப்பில் பழைய குறைகளுக்கான நேரடி மறுமொழி தெரிகிறது. எந்தக் கட்டளையை ஓட்டினாலும் அது வெற்றி பெற வேண்டுமா தோற்க வேண்டுமா என்று எழுதுபவர் சொல்லியாக வேண்டும். கட்டளையை உருவாக்கிவிட்டு ஓட்ட மறந்தால் சோதனை உடனே விழும். இதற்கென்றே நூலகத்தில் ஒரு பொறி வைத்திருக்கிறார்கள். தோல்வியின்போது ஆர்மேக் கோப்பின் எந்த வரி, எந்தக் கட்டளை, என்ன வெளியீடு என்று எல்லாம் அச்சாகும். ஒரு நூலகக் கோப்பின் பெயர் லினக்ஸில் ஒன்று, மேக்ஓஎஸ்ஸில் ஒன்று, விண்டோஸில் வேறொன்று. அதையும் நூலகமே பார்த்துக்கொள்கிறது.

பெரும்பகுதி வேலை 2024 கோடையில் நடந்தது. கூகுளின் 'சம்மர் ஆஃப் கோட்' திட்டத்தில் ரஸ்ட் அவ்வாண்டுதான் முதன்முதலாகப் பங்கேற்றது. அதன் பணிகளுள் ஒன்றாக இது ஒரு பங்களிப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. புதிதாக யாரும் மேக்ஃபைல் சேர்த்துவிடாமல் தடுக்க, மிஞ்சியிருந்த மேக்ஃபைல்களின் பட்டியல் ஒன்று களஞ்சியத்திலேயே வைக்கப்பட்டது. பட்டியலில் இல்லாத மேக்ஃபைல் தென்பட்டால் ஒழுங்கு பார்க்கும் டைடி கருவி மாற்றத்தை ஏற்காது. ஒவ்வொரு சோதனை மாறும்போதும் பட்டியலில் ஒரு வரி குறையும். இந்த ஏற்பாட்டைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். பெரிய மாற்றங்கள் பாதியில் நிற்பதற்கு வழக்கமான காரணம், ஒரு பக்கம் பழையது குறையும்போது மறுபக்கம் அதுவே முளைப்பது. இங்கே அந்த வழி அடைக்கப்பட்டிருந்தது.

வெறும் மொழிமாற்றமாக வேலை முடியவில்லை. பழைய சோதனையின் நோக்கத்தை அறியப் பத்தாண்டுக்கு முந்தைய பிழை அறிக்கைகளைத் தோண்ட வேண்டியிருந்தது. வெறும் எண்ணால் அழைக்கப்பட்ட சோதனைகள் பல, தாம் செய்யும் வேலையைச் சொல்லும் பெயர் பெற்றன. 'விட்டுவிடு' என்ற குறிப்புகளை எடுத்துவிட்டு விண்டோஸ் போன்ற தளங்களில் ஓட்டிப் பார்த்தபோது, சில சோதனைகள் எந்தத் தடையுமின்றி ஓடின.

பிழைத்திருத்தத் தகவலைத் தனிக் கோப்பாகப் பிரிக்கும் 'ஸ்ப்ளிட்-டிபக்இன்ஃபோ' சோதனை கடைசி வரிசையில் நின்றது. ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் விருப்பச் சேர்க்கைக்கும் தனித்தனி எதிர்பார்ப்பு உண்டு என்பதால் அதன் மேக்ஃபைல் மிக நீளமானது. 2025இன் தொடக்க மாதங்களில் அதுவும் மாறியது. மேக்ஃபைல் சோதனைகளை ஓட்டும் பகுதி கம்பைலரின் சோதனைக் கருவியிலிருந்து நீக்கப்பட்டது. சி கம்பைலரும், பைனரியைப் படிக்கும் எல்எல்விஎம் கருவிகளும் பல சோதனைகளுக்கு இன்றும் தேவை. அவற்றை அழைப்பது மட்டும் ரஸ்ட் நூலகத்தின் வழியாக நடக்கிறது.