எலிக்காய்ச்சல் கிருமி பிடிபட்ட வரலாறு

எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா ஒரு சுருள் வடிவ பாக்டீரியா. அதன் தடிமன் ஏறத்தாழ 0.1 மைக்ரான்தான். சாதாரண நுண்ணோக்கியில் அது தெரியாது. வழக்கமான சாயங்களும் அதில் சரியாக ஏறுவதில்லை. அதனால்தான் நோய் அறியப்பட்ட பிறகும் கிருமி நெடுங்காலம் அகப்படாமல் இருந்தது.

1886-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகர மருத்துவர் அடோல்ஃப் வெய்ல், காய்ச்சலுடன் மஞ்சள் காமாலை, மண்ணீரல் வீக்கம், சிறுநீரகக் கோளாறு ஆகியவை சேர்ந்து வருவதைத் தனி நோயாக விவரித்தார். 1907-இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டிம்சன், மஞ்சள் காய்ச்சலால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரகத் திசுவுக்கு வெள்ளிச் சாயமேற்றிப் பார்த்தார். வெள்ளி படிந்ததும் கிருமி தடித்துக் கறுப்பாகத் தெரிந்தது. அதன் முனைகள் கேள்விக்குறி போல் வளைந்திருந்தன. கிருமி கண்ணெதிரே இருந்தும், நோய் வேறென்று எண்ணப்பட்டதால் அந்தக் கண்டுபிடிப்பு கவனிப்பாரின்றிப் போனது.

விடை ஜப்பானிலிருந்து வந்தது. கியூஷு தீவின் நிலக்கரிச் சுரங்கங்களில், தண்ணீரில் நின்று வேலை செய்த தொழிலாளர்களுக்கு இந்த நோய் அடிக்கடி வந்தது. ஃபுகுவோகாவில் ஆய்வாளர்கள் இனாடாவும் இடோவும் நோயாளிகளின் இரத்தத்தைக் கினிப்பன்றிகளுக்கு ஊசி மூலம் செலுத்தினர். அவற்றுக்குக் காய்ச்சல் வந்தது, கண்கள் மஞ்சளாயின, சில நாட்களில் இறந்தன. நுரையீரலில் இரத்தத் திட்டுகள் இருந்தன. கல்லீரலில் சுருள் கிருமி கிடைத்தது. 1915-இல் இது வெளியானது. அதே ஆண்டில் ஜெர்மனியிலும், போர்முனைச் சிப்பாய்களை ஆராய்ந்தவர்கள் தனியாக இதே முடிவுக்கு வந்தனர். எலிகள் நோயின்றியே சிறுநீரில் கிருமியை வெளியேற்றுவதை ஜப்பானியர் அடுத்து நிறுவினர். சுரங்கத் தண்ணீரில் இருந்த ஆபத்து அதன் பிறகுதான் விளங்கியது.

நோயாளியிடம் கிருமியைக் கண்டறிய இருட்புல நுண்ணோக்கி ஒரு வழி. அதில் ஒளி பக்கவாட்டிலிருந்து விழுவதால், கறுத்த பின்னணியில் உயிருள்ள கிருமி மின்னி நெளிவது தெரியும். ஆனால் இரத்தத்திலுள்ள ஃபைப்ரின் இழைகளும் அதேபோல் மின்னும். தேர்ந்த கண்ணும் ஏமாறும். அதை மட்டும் நம்பி நோயை உறுதிசெய்வது சரியல்ல.

1918-இல் பாரிஸில் ஆய்வாளர்கள் மார்ட்டினும் பெட்டிட்டும் வேறு வழி கண்டனர். நோயாளியின் சீரத்தை உயிருள்ள லெப்டோஸ்பைராவுடன் கலந்தால், எதிர்ப்பொருள் இருக்கும்போது கிருமிகள் ஒட்டித் திரளும். இந்தத் திரட்சிச் சோதனையே இன்றும் உரைகல். ஆனால் அதற்குப் பல வகைக் கிருமிகளை ஆய்வகம் உயிரோடு வளர்த்துவர வேண்டும். எதிர்ப்பொருள் நான்கு மடங்கு உயர்ந்ததா என்று அறிய, சில நாள் இடைவெளியில் இரண்டு இரத்த மாதிரிகளும் தேவை. காய்ச்சலின் முதல் வாரத்தில் எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாகியிருக்காது. அப்போது இரத்தத்தில் கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் சோதனை கைகொடுக்கிறது.